இடக்கைக்காரர் சீனத் தூரிகையெழுத்துப் பழகலாமா? மும்பையில் எங்கிருந்து தொடங்குவது?

செம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மும்பை செம்பூரில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். வயது 44, வங்கியில் பணி. ஓவியத்தையோ சீன மொழியையோ முறையாகப் படித்தவள் அல்லேன்.

இந்த ஆண்டு சீனப் புத்தாண்டு நாளில் அலுவலகத் தோழி ஒருவருடன் மசகானில் உள்ள பழைய சீனக் கோயிலுக்குச் சென்றிருந்தேன். மாடியில் குவான் கோங் என்னும் தெய்வத்தின் சன்னதி இருக்கிறது. அங்கே செங்குத்தாக எழுதப்பட்டிருந்த எழுத்துகளின் பொருள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எழுதியவர் எந்த இடத்தில் அழுத்தினார், எந்த இடத்தில் கையைத் தளர்த்தினார் என்பது மட்டும் அந்தக் கருமையைப் பார்த்த அளவிலேயே தெரிந்தது. வாசல் தெளித்துக் கோலம் போடும் என் பாட்டியின் கை நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து இதைப் பழக வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை.

ஆர்வக்கோளாறில் எழுதுபொருள் கடையில் ஒரு நீர்வண்ணத் தூரிகையும் ஒரு புட்டி ‘இந்தியன் இங்க்’கும் வாங்கி, ரைஸ் பேப்பர் என்று இணையத்தில் கிடைத்ததையும் வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்தபோது அது தின்பதற்கான அரிசித் தகடு என்று தெரிந்தது. அதில் காய்கறி சுருட்டி வீட்டில் சாப்பிட்டுவிட்டார்கள். தூரிகையோ மறுநாள் காலையில் துடைப்பக்குச்சி போல விறைத்துக் கிடந்தது.

என் ஐயங்கள் இவை. சீன மொழி தெரியாமல் இதைக் கற்பதில் பொருள் உண்டா? இங்கே கிடைப்பதை வைத்துத் தொடங்க வேண்டுமானால் எதை வாங்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும்? காணொளிகளில் ஒருவர் ஒரு கல்வெட்டைப் பார்த்து எழுதச் சொல்கிறார், மற்றொருவர் வேறொன்றைச் சொல்கிறார், யாரைப் பின்பற்றுவது? கடைசியாக, நான் இடக்கைக்காரி. இடக்கையால் எழுதியதற்காகப் பள்ளியில் விரல் முட்டியில் அடி வாங்கி, வலக்கைக்கு மாற முயன்று, இரண்டு கையெழுத்தும் கோணிப்போய், ஐந்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியை ‘விட்டுவிடுங்கள்’ என்று சொன்ன பிறகே இடக்கைக்குத் திரும்பினேன். இந்தக் கலையிலும் அதே கதைதான் என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

—

முன்னாள் குவாங்சௌவாசி எழுதியது:

வணக்கம் அம்மா. நான் சயனில் இருக்கிறேன். துணி இயந்திர வணிகம் காரணமாகக் குவாங்சௌ நகரில் பல ஆண்டுகள் இருந்தபோது, குடியிருப்பில் வசித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் சனிக்கிழமைதோறும் பழகினேன். நான் தேர்ந்தவன் அல்லன். ஆனால் ஒரு தொடக்கநிலையாளர் செய்யக்கூடிய தவறுகள் எல்லாவற்றையும் செய்து முடித்தவன்.

முதலில் மொழி. பேசவோ படிக்கவோ தெரிந்திருக்கத் தேவையில்லை; ஆனால் எழுத்தை ஒரு படமாகப் பார்த்து வரையத் தொடங்கினால் ஒருநாளும் தேறமாட்டீர்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் கோடுகளின் வரிசை உண்டு. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோட்டுக்குப் பிறகு அதை வெட்டும் நெடுங்கோடு என்பன பெரும்பாலும் பொருந்தும் விதிகள். ‘பத்து’ என்னும் எழுத்து கூட்டல் குறி போலவே இருக்கும்; அதிலும் கிடைக்கோடுதான் முதலில். வரிசை மாறினால் ஒரு கோட்டின் முடிவிலிருந்து அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குக் கை செல்லும் வழி மாறிவிடும், எழுத்தின் ஓட்டமும் கெட்டுவிடும். எனவே எழுதும் எழுத்தின் பொருளையும் கோட்டு வரிசையையும் அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவு மொழியறிவு போதும்.

அடுத்து, உங்கள் தூரிகை ஏன் விறைத்தது என்பது. ‘இந்தியன் இங்க்’ என்று புட்டியில் விற்பது பெரும்பாலும் வரைபடத்துக்கான மை. காய்ந்தபின் நீர் பட்டாலும் கலையாதிருக்க அதில் அரக்குச் சேர்ப்பது வழக்கம். அரக்கு முடியின் வேருக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டால் அந்தத் தூரிகையை மீட்பது கடினம். (ஆங்கிலேயர் இந்திய மை என்று சொல்வதைப் பிரெஞ்சுக்காரர் சீன மை என்கிறார்கள். யார் பேரில் எழுதினாலும் அரக்கு அரக்குதான்.) தூரிகையெழுத்துக்கான மை வேறு. மரபுப்படி அது பைன் மரத்தையோ எண்ணெயையோ எரித்துச் சேர்த்த கரியை விலங்குப் பசையில் குழைத்து அச்சில் வார்த்த கட்டி. மைக்கல்லில் சில சொட்டு நீர் விட்டு அதை உரைத்து எடுக்க வேண்டும். சந்தனம் உரைத்த கைக்கு இது புதிதல்ல. ஆனால் நல்ல கருமை வருவதற்குள் கால் மணி நேரம் போய்விடும் என்பதால், தொடக்கத்தில் தூரிகையெழுத்துக்கென்றே விற்கும் புட்டி மையை வாங்குங்கள். பெய்ஜிங்கின் யீதெகெ நிறுவனம் 1865 முதல் இருக்கிறது. அதன் மை இணையக் கடைகளில் கிடைக்கிறது. புட்டியிலிருந்து ஊற்றியபடியே எழுதினால் கெட்டியாக இருக்கும், சில சொட்டு நீர் கலந்துகொள்ளுங்கள். எழுதி முடித்தபின் மிஞ்சியதைப் புட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். புட்டி முழுவதும் நாறிவிடும்.

தூரிகையில் மூன்று இனம் உண்டு. வெள்ளாட்டு முடி மென்மையானது, மையை நிறைய உறிஞ்சும், ஆனால் அழுத்திய பிறகு தானாக நிமிராது. ‘ஓநாய் முடி’ என்று பெயரளவில் சொல்லப்படுவது உண்மையில் கீரியை ஒத்த வீசல் என்னும் சிறு விலங்கின் வால்முடி. விறைப்பும் துள்ளலும் உள்ளது. இரண்டையும் கலந்து செய்ததே தொடக்கநிலையாளருக்கு உகந்தது. முடிப்பகுதி நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் குறுக்களவும் இருக்கட்டும். சிறிய தூரிகை வாங்கிச் சிறிய எழுத்து எழுதலாம் என்று தோன்றும், அது பொறி. சிறிய எழுத்தில் விரல்கள் மட்டும் அசையும், பிழை கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எழுத்து என்று எழுதுங்கள்.

புதுத் தூரிகையின் முடி பசையிட்டுக் கூராக விறைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் மெதுவாக அலசி அந்தப் பசையைப் போக்கிய பிறகே மை தொட வேண்டும். கொதிநீர் வேண்டாம், முடி உதிரும்.

தாளைப் பற்றி ஒரு சொல். ரைஸ் பேப்பர் என்ற பெயரே தவறு. அன்ஹுயி மாநிலத்தில் செய்யப்படும் ஷுவான் தாள் நீலச் சந்தனம் என்று அங்கே அழைக்கப்படும் ஒரு மரத்தின் பட்டையும் வைக்கோலும் சேர்ந்தது. அதில் அரிசி ஒரு மணியும் இல்லை. அதிலும் ‘பச்சைத் தாள்’ என்பது மையைக் கண்டவுடன் உறிஞ்சிப் பரப்பும். படிகாரம் கலந்த நீர் பூசிய ‘வெந்த தாள்’ உறிஞ்சாது. பச்சைத் தாளில் தொடங்கினால் மனம் நொந்துவிடும். மூங்கிலில் செய்த மஞ்சள் நிறப் பயிற்சித் தாள் கட்டங்களோடு மலிவாகக் கிடைக்கிறது; அதுவும் இல்லையென்றால் பழைய நாளிதழ் போதும், சீனாவிலும் அதில்தான் பலர் பழகுகிறார்கள். தாளுக்கு அடியில் ஒரு பழைய கம்பளியை நாலாக மடித்து விரித்துக்கொள்ளுங்கள். மேசை கடினமாக இருந்தால் தூரிகையின் அழுத்தம் தாளில் சரியாக விழாது.

கையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒன்றை மட்டும் இப்போது சொல்கிறேன். தமிழ் எழுதும்போது நம் விரல்கள் சுழல்கின்றன. ‘ண’, ‘ழ’, ‘ஞ’ எல்லாம் விரல் நுனியின் வேலை. தூரிகையில் விரல்கள் தூரிகையைப் பிடித்துக்கொள்வதோடு சரி. அசைய வேண்டியது முழங்கையும் தோளும். உள்ளங்கைக்குள் ஒரு முட்டை இருப்பதுபோல் குழிவு இருக்கட்டும், தூரிகைக் காம்பு செங்குத்தாக நிற்கட்டும், முழங்கையை மேசையிலிருந்து தூக்கிவிடுங்கள். முதல் வாரம் தோள் வலிக்கும். வலிக்காவிட்டால் விரலால் எழுதுகிறீர்கள் என்று பொருள்.

யாரைப் பார்த்து எழுதுவது என்பதற்கு என் விடை யென் ஜென்ச்சிங். தாங் அரசமரபுக் காலத்து எழுத்துக்கலைஞர், 709இல் பிறந்து 785இல் ஒரு கலகக்காரனுக்குப் பணிய மறுத்ததால் கொல்லப்பட்டவர். அவர் 752இல் எழுதிய பிரபூதரத்ன புத்தரின் கோபுரக் கல்வெட்டு ஷியான் நகரின் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டம் நிறைய அகன்று நிற்கும் எழுத்து. கிடைக்கோடு மெலிந்தும் நெடுங்கோடு பருத்தும் இருப்பதால் எங்கே அழுத்த வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். ஓயாங் ஷுன் 632இல், எழுபது வயதைக் கடந்தபின் எழுதிய ஜியூச்செங் அரண்மனைக் கல்வெட்டையும் பலர் பரிந்துரைப்பார்கள். அது மிகக் கச்சிதமானது, ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்து சாய்ந்துவிடும். எதை எடுத்தாலும் ஓர் ஆண்டு மாற்றாதீர்கள்.

—

பலகை எழுதியவன் எழுதியது:

நான் தாராவியில் முப்பது ஆண்டுகள் கடைப்பலகை எழுதிப் பிழைத்தவன். டிஜிட்டல் பிளெக்ஸ் வந்தபின் தூரிகையைக் கீழே வைத்தேன். சீன எழுத்தைப் பற்றி எனக்கு ஏதும் தெரியாது. முடியைப் பற்றித் தெரியும் என்பதால் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

இந்தியச் சந்தையில் நல்ல துள்ளலுள்ள தூரிகை என்று யாராவது ரகசியமாக எடுத்துக் கொடுத்தால், அது கீரி முடியாக இருக்கலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கீரி முடித் தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம். எங்கள் காலத்தில் அது தாராளமாகப் புழங்கியது. ஒரு தூரிகைக் கட்டுக்கு எத்தனை உயிர் போயிருக்கும் என்று அப்போது யாரும் எண்ணவில்லை. ஆட்டுமுடியோ கலப்பு முடியோ என்று கேட்டு, விலைச்சீட்டோடு வாங்குங்கள்.

இரண்டாவது, மும்பை மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரத் தூரிகையை மூடி போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கழுவியபின் விரலால் கூராக நீவி, முடி கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். குவளையில் முடி மேல்நோக்கி நிறுத்தினால் தண்ணீர் காம்புக்குள் இறங்கி ஒட்டுப்பசை இளகும், முடி கொத்தோடு கழன்று வரும். நீண்ட நாள் எழுதப்போவதில்லை என்றால் நன்றாகக் காயவைத்து, பூச்சி அரிக்காதிருக்க உலர்ந்த வேப்பிலையோடு டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் தாளும் ஈரம் குடித்திருக்கும், மை வழக்கத்தைவிடப் பரவும். உங்கள் கை கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

குவாங்சௌ ஐயா முழங்கையைத் தூக்கச் சொல்வது எனக்கு வியப்பாக இருந்தது. நாங்கள் எழுதும்போது கைக்கு அடியில் ஒரு தாங்குகோல் வைத்துக்கொள்வோம். எனாமல் வண்ணம் வழுக்கும், பலகை செங்குத்தாக நிற்கும், அதனால் அது தேவை. கிடைத்தளத்தில் தாளுக்கு அது தேவைப்படாது என்பது யோசித்தால் விளங்குகிறது.

—

கல்லும் மையும் எழுதியது:

வணக்கம். மேலே உள்ள பதிலில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். மாதிரியைப் பற்றிய கருத்தில் மட்டும் எனக்கு வேறுபாடு உண்டு.

யென் ஜென்ச்சிங்கின் கல்வெட்டு என்று நாம் புத்தகத்தில் காண்பது அவர் எழுதியதன்று. அவர் எழுதியதைக் கல்தச்சர் வெட்டினார். அந்தக் கல்லின்மேல் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்தார்கள். நம் ஊரில் கல்வெட்டுத் துறையினர் கோயில் சுவரில் எடுக்கும் மைப்படியும் இதே முறைதான். அதனால்தான் அந்தப் பக்கங்களில் எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் இருக்கிறது. உளி வெட்டிய விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே கூர்மையோடு இருக்கும். பல நூற்றாண்டுகள் தேய்ந்ததால் சில மூலைகள் மழுங்கியும் இருக்கும். தொடக்கநிலையாளர் அந்த மழுங்கலையும் உளிக்கூர்மையையும் தூரிகையின் வேலை என்று எண்ணி அதையே வரைய முயல்கிறார். தாங்குக்குப் பின் வந்த சோங் அரசமரபுக் காலத்து எழுத்துக்கலைஞர் மி ஃபு இதைப் பற்றிக் கடுமையாகவே எழுதியிருக்கிறார்: கல்லில் வெட்டியதைப் பார்த்துக் கற்க முடியாது, மையால் எழுதியதையே காண வேண்டும் என்பது அவர் கருத்து.

எனவே நான் பரிந்துரைப்பது துறவி ஜீயோங் எழுதிய ஆயிரம் எழுத்துப் பாடல். வாங் ஷீஜீ என்னும் பெரும்புகழ் எழுத்துக்கலைஞரின் ஏழாம் தலைமுறை வழித்தோன்றல் அவர். எண்ணூறு படிகள் எழுதினார் என்றும், தேய்ந்த தூரிகைகளைச் சேர்த்துப் புதைத்து மேடு எழுப்பினார் என்றும் சொல்வார்கள். அவர் கைப்பட எழுதியதாகக் கருதப்படும் மைப்பிரதி ஒன்று ஜப்பானில் இருக்கிறது. அதன் தெளிவான அச்சுப்படிகளும் கிடைக்கின்றன. ஆயிரம் எழுத்துகள், நான்கு நான்காக. எந்த எழுத்தும் மீண்டும் வராது. ஒருபுறம் திருத்தமான எழுத்து, பக்கத்தில் அதே எழுத்து, கோடுகளைச் சேர்த்து விரைவாக எழுதும் ஓட்டெழுத்தில். தூரிகை தாளில் எந்த முனையோடு இறங்கியது, எங்கே திரும்பியது என்பதை மையின் தடிப்பிலேயே படிக்கலாம். செம்பூர்வாசி அம்மா கோயிலில் கண்டு மயங்கியதும் இதைத்தானே?

—

முன்னாள் குவாங்சௌவாசி எழுதியது:

மி ஃபு சொன்னது அவரைப் போன்றவர்களுக்கு. ஜீயோங்கின் எழுத்து அழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் கோட்டின் தொடக்கம் பெரும்பாலும் வெளிப்படையான கூர்முனையோடு, ஒரு சுண்டில் முடிந்துவிடும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாத கை அந்தச் சுண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, நடுவில் கோட்டைத் தொய்யவிடும். என் ஆசிரியரிடம் இப்படித் தொடங்கி வந்த இருவரை அவர் மறுபடி யென் ஜென்ச்சிங்கின் எழுத்துக்கே அனுப்பியதைக் கண்டிருக்கிறேன். ‘யென்னின் நரம்பு, லியூவின் எலும்பு’ என்று சீனர்கள் சொல்லும் சொல்லில் லியூ என்பது லியூ கோங்ச்சுவான் என்னும் மற்றொரு தாங் கால எழுத்துக்கலைஞர். அந்த நரம்பு முதலில் கையில் ஏறட்டும். மைப்படியைப் பற்றிய எச்சரிக்கை சரியானது, அதை ஏற்கிறேன். கல்லின் மழுங்கலை வரையாதீர்கள்.

—

பொவாய் ஏரிக்கரை எழுதியது:

இடக்கையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நானும் இடக்கைக்காரி, சிங்கப்பூரில் படித்த காலத்தில் மூன்று ஆண்டு பழகினேன். எனவே அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

திருத்தமான எழுத்தின் கிடைக்கோடு இடமிருந்து வலமாகச் சென்று, சற்றே மேல்நோக்கி ஏறும். அதன் தொடக்கத்தில் தூரிகையின் நுனி இடப்பக்க மேல்மூலையை நோக்கிச் சாய்வாக இறங்க வேண்டும். வலக்கையின் முன்கை கீழ் வலப்புறத்திலிருந்து வருவதால் நுனி தானாகவே அந்தப் பக்கம் சாய்கிறது. இடக்கையில் நுனி வல மேல்மூலையை நோக்கும். மணிக்கட்டை முறுக்கினாலன்றித் தொடக்கம் சரியாக விழாது, பிறகு கோட்டை இழுப்பதற்குப் பதிலாகத் தள்ள வேண்டியிருக்கும். ஆக, இது வெறும் மூடநம்பிக்கையோ பள்ளி அடக்குமுறையோ அல்ல; இந்த எழுத்து வலக்கையின் உடலமைப்பிலிருந்து உருவானது.

அதற்காக முடியாது என்று பொருளில்லை. சீனாவின் கடைசி அரசமரபான சிங் காலத்து ஓவியர் காவ் ஃபெங்ஹான் வலக்கை செயலிழந்தபின் இடக்கையால் எழுதி அதற்காகவே போற்றப்பட்டார். இருபதாம் நூற்றாண்டில் ஃபேய் சின்வோ நோயால் வலக்கை செயலிழந்தபின் இடக்கைத் தூரிகையெழுத்துக்கே பெயர்பெற்றார். ஆனால் இருவரும் வலக்கையால் ஏற்கெனவே தேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடக்கைக்கு ஒரு வசதியும் இருக்கிறது. நெடுவரிசைகள் வலப்புறம் தொடங்கி இடப்புறமாக வருவதால், வலக்கைக்காரரின் கை காயாத மைக்கு மேலேயே மிதக்கும்; நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான் வலக்கையால்தான் பழகினேன். ஆசிரியர் கட்டாயப்படுத்தவில்லை, ‘உன் வலக்கை இதுவரை எதையும் தவறாக எழுதிப் பழகவில்லை, மறக்க வேண்டியது அதற்கு ஒன்றுமில்லை’ என்றார். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. பேனா பிடித்துப் பழகிய வலக்கைக்காரத் தோழிகள் விரலை அசைக்காமலிருக்கப் பட்ட பாடு எனக்கு இல்லை. விரலால் எழுதவே தெரியாத கை, தோளால் எழுதக் கற்றுக்கொண்டது. நீங்கள் அடி வாங்கிய கதை என்னை வருத்துகிறது. எனவே ஒரு மாதம் வலக்கையால் முயன்று பாருங்கள், மனம் ஒப்பவில்லை என்றால் இடக்கையாலேயே எழுதுங்கள் என்பதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். உங்களை இப்போது யாரும் முட்டியில் அடிக்கப்போவதில்லை.

இன்னொன்று: தாளுக்கு முன் நீர்த்துணி வாங்குங்கள். வெறும் தண்ணீர் தொட்டு எழுதினால் கறுப்பாகத் தெரிந்து, சில நிமிடங்களில் காய்ந்து மறையும். மை சிந்தாது, நாற்காலி உறை கறையாகாது. ஆனால் அதில் மையின் கெட்டித்தன்மையும் தாளின் உறிஞ்சலும் தெரியாது என்பதால், கோட்டு வரிசையும் கையசைவும் பழகியதும் தாளுக்கு வந்துவிடுங்கள்.

—

செம்பூர்வாசி எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

கலப்பு முடித் தூரிகை ஒன்று, புட்டி மை ஒன்று, நீர்த்துணி ஒன்று. அவ்வளவே வாங்கினேன். மைக்கல் வாங்கவில்லை, ஊறுகாய்க்கு வைக்கும் பீங்கான் கிண்ணமே போதுமானதாக இருக்கிறது. யென் ஜென்ச்சிங்கையே எடுத்துக்கொண்டேன், ஜீயோங்கின் அச்சுப்படியையும் பார்ப்பதற்காக மட்டும் வைத்திருக்கிறேன். காலையில் ரயிலைப் பிடிக்கும் முன் அரை மணி நேரம், சாப்பாட்டு மேசையில்.

வலக்கையால் எழுதுகிறேன். முதல் இரண்டு நாள் தூரிகையைப் பிடித்தவுடனே உள்ளங்கை வியர்த்தது, அதற்குக் காரணம் தூரிகை அல்ல என்பது எனக்கே தெரியும். மூன்றாம் வாரத்தில் அது நின்றுவிட்டது. பொவாய் சகோதரி சொன்னது சரி: இந்தக் கைக்கு எழுதத் தெரியாது என்பதே நல்லதாகப் போயிற்று. தோள் வலி மட்டும் இருக்கிறது.

இப்போது ஓர் ஐயம். ‘ஒன்று’ என்னும் எழுத்தை, அதாவது ஒரே ஒரு கிடைக்கோட்டை, நானூறு முறையாவது எழுதியிருப்பேன். நாளிதழ் முழுக்கக் கோடுகளே. என் கோட்டின் இரு முனைகளும் உருண்டு பருத்து, நடுப்பகுதி மெலிந்து, நாய் கவ்வும் எலும்பு போலவே இருக்கிறது. மாதிரியில் இரு முனையும் தடிப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே அது எலும்பாகத் தெரியவில்லை. எங்கே தவறுகிறேன்?

—

முன்னாள் குவாங்சௌவாசி எழுதியது:

இந்த எலும்பை நானும் ஆறு மாதம் சுமந்தேன். இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

தொடக்கத்தில் அழுத்திவிட்டு, நகரும்போது தூரிகையை அளவுக்கு மீறித் தூக்குகிறீர்கள். முடிவு வரும்போது பயந்து மறுபடி அமுக்குகிறீர்கள். தூக்க வேண்டும்தான், ஆனால் முடியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தாளில் இருந்தது நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டுமே தவிர, நுனி மட்டும் மிஞ்சும்படி அல்ல. நடுப்பகுதியில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலானோர் முனைகளில் நின்று நிதானித்து, நடுவில் விரைந்து ஓடிவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணம், முனையில் தூரிகையைத் தேய்த்து உருட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தொடக்கத்தில் நுனியைச் சாய்வாக இறக்கி, சற்றே நிறுத்தி, அங்கிருந்து வலப்புறம் நகர்ந்தால் போதும். நுனி கோட்டின் நடுவழியாக வர வேண்டும். எழுதியவுடன் தூரிகையைத் தூக்கிப் பாருங்கள்: முடி கூராகக் கூடியிருந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள், பிளந்து முறுக்கிக்கொண்டிருந்தால் முனையில் உருட்டியிருக்கிறீர்கள். முடிவில் லேசாக மேலேறி, நின்று, கீழ் வலப்புறம் அழுத்தி, வந்த வழியே சிறிது திரும்பித் தூக்குங்கள்.

—

பலகை எழுதியவன் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. நீங்கள் கோட்டைப் பார்த்துக்கொண்டே கோட்டை எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. முடியும் இடத்தில் முதலில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, கண் அந்தப் புள்ளியில் இருக்க, கையை அங்கே அனுப்பிப் பாருங்கள். பலகையில் நீளக்கோடு போட என் குரு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்.

—

செம்பூர்வாசி எழுதியது:

புள்ளி வைத்து எழுதிப் பார்த்தேன். பத்தில் மூன்று கோடுகளில் எலும்பு இல்லை. தூரிகையின் முடி ஏழு முறை பிளந்து நின்றது. குவாங்சௌ ஐயா சொன்ன இரண்டாவது காரணம்தான் என்று தெரிகிறது. நாளை ‘பத்து’ என்னும் எழுத்தைத் தொடங்கலாமா, இன்னும் ஒரு வாரம் இந்த ஒற்றைக் கோட்டிலேயே இருக்கட்டுமா?

—

முன்னாள் குவாங்சௌவாசி எழுதியது:

பத்தைத் தொடங்குங்கள். அதிலும் முதல் கோடு இதுதானே. நெடுங்கோட்டில் எலும்பு வேறு விதமாக வரும், அப்போது எழுதுங்கள்.